தொண்ணூற்றொன்பதரை சதவீதம்

எங்க வீட்டுக்காரர் பெரிய விஞ்ஞானி. நான் சொல்லல, அவரே சொல்லிக்கிறார். வெள்ளை பெயிண்டுக்குப் பொடி தயாரிக்கிற தொழிற்சாலையில நாங்க வேலை பாக்கிறோம். தாதுமண்ணைப் பிரிக்கக் குளோரினை விலைக்கு வாங்கி உள்ளே விடுவோம். அதுல பாதி, மண்ணுல இருக்கிற இரும்போட ஒட்டிக்கிட்டு இரும்புக் குளோரைடுக் கழிவா வெளிய போயிடும். "கழிவைச் சூடாக்கி ஆக்சிஜன் விட்டா இரும்பு துருவா உதிர்ந்துடும், குளோரின் நம்ம கைக்கே திரும்பிடும்"னு முதலாளியை மயக்கி, இவர் ஒரு தனிக் கட்டடமே கட்டிட்டார்.

குளோரின் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனா துரு உதிரல. அடிப்பிடிச்ச பால் மாதிரி குழாயோட உள்சுவர்ல அப்பிக்கிச்சு. என் தம்பியும் இன்னும் நாலு பேரும் மரச் சுத்தியலால வெளியிலிருந்து தட்டிக்கிட்டே இருந்தாத்தான் வாயு போகும். நிறுத்தினா கொஞ்ச நேரத்துல அடைச்சுக்கும். உண்மையைச் சொல்லணும்னா அங்கே ஒழுங்கா வேலை செஞ்ச ஒரே இயந்திரம் என் தம்பியோட தோள்பட்டைதான். வருஷக்கணக்கா தற்காலிகத் தொழிலாளி, வீட்டுல கைக்குழந்தை. "முதலாளி வந்து பாத்துட்டுப் போகட்டும், மச்சானை நிரந்தரமாக்கிடறேன்"னு இவர் என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருந்தார்.

முதலாளி வர்ற அன்னைக்குக் காலையில இவருக்கு மூளை வேலை செஞ்சுது. அதுதான் வினையே.

"மச்சான், உலகத்தரம்னு சொல்லிட்டு நீங்க டொம்மு டொம்முனு தட்டிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கு? அவங்க போற வரைக்கும் உடை மாத்துற ரூம்ல உட்காருங்க. கதவைச் சாத்திக்கோங்க."

"தட்டலன்னா அடைச்சுக்குமே, அத்தான்?"

"அதை நான் பாத்துக்கறேன்."

பாத்துக்கிட்ட லட்சணம் எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது. நான் அங்கே ஆய்வகத்துல வாயுவைச் சோதிக்கிறவ. முதலாளி, அவரோட செயலாளர், ஒரு போட்டோக்காரர் எல்லாரும் சுத்தி நிக்க, குழாய் முனையில வாயு பிடிச்சுச் சோதிச்சேன். எப்பவும் எழுபது சதவீதம் குளோரின் தேறும், மிச்சம் ஆக்சிஜனும் கண்டதும். அன்னைக்குத் தொண்ணூத்தொம்பதரை! அவ்வளவு சுத்தமானது விலைக்கு வாங்குற சிலிண்டர்ல மட்டுந்தான் இருக்கும். திரும்பிப் பாத்தா இவர் கூரையை ஆராய்ச்சி பண்றார். கட்டினவளுக்குத் தெரியாதா அந்த முழி?

முதலாளி குழாயைத் தொட்டுப் பாத்தார். "அடுப்பிலேர்ந்து வர்ற வாயு இவ்வளவு ஜில்லுனு இருக்கே! என்ன தொழில்நுட்பம்யா!" சிலிண்டர் திறந்தா குழாய் குளிரத்தானே செய்யும், மகராசா. போட்டோக்காரர் படபடன்னு எடுத்துத் தள்ளினார்.

"துரு ஒட்டும்னாங்களே?" முதலாளி கேட்டார்.

"ஒட்டவே ஒட்டாது, சார்"னார் இவர்.

"அப்போ தட்டுறதுக்குன்னு அஞ்சு பேருக்குக் கூலி எதுக்கு?"

இவர் மறுபடியும் கூரையைப் பாக்க ஆரம்பிச்சார். சொல்லுங்க, சொல்லித் தொலைங்கன்னு மனசுக்குள்ள கத்தினேன். ஊஹூம். புருஷன் வேலை ஒரு பக்கம், தம்பி பொழப்பு ஒரு பக்கம். வயித்தெரிச்சல்ல நானே சொல்லிட்டேன்.

"சார், இது பின்னாடி மாட்டியிருக்கிற சிலிண்டர் வாயு. உள்ளே குழாய் அடைச்சுக் கிடக்கு. அவங்க தட்டினா எழுபது வரும். தட்டலன்னா ஒண்ணும் வராது."

இவர் முகத்துல ஈயாடல. முதலாளி கோபப்படுவார்னு பாத்தேன். அவர் போட்டோக்காரர் பக்கம் திரும்பினார். "எடுத்தாச்சா?"

"அருமையா வந்திருக்கு, சார்."

"அப்போ தொண்ணூத்தொம்பதரைதான்."

செயலாளர் மெல்லக் கேட்டார். "தட்டுறவங்க, சார்?"

"படத்துல இருக்காங்களா?"

"இல்ல, சார்."

"இல்லாதவங்களுக்கு எதுக்குச் சம்பளம்? இன்னும் ரெண்டு சிலிண்டர் வாங்கிப் போடுங்க." போகும்போது இவர் முதுகுல தட்டி, இனிமே நீதான் தலைமை விஞ்ஞானின்னு சொல்லிட்டுப் போனார்.

கார் கிளம்புற சத்தம் கேட்டதும் உடை மாத்துற ரூம் கதவு லேசா திறந்துது. தம்பி தலையை நீட்டினான்.

"அக்கா, போயிட்டாங்களா? என்ன சொன்னாங்க? நிரந்தரந்தானே?"

இவர் நைசா நழுவப் பாத்தார். சட்டைக் காலரைக் கொத்தாப் பிடிச்சு நிறுத்தினேன்.

"எங்கே ஓடறீங்க? உங்க மச்சான் கேக்கறான் பாருங்க. பதில் சொல்லுங்க."