பதினேழாம் கேள்விக்கு நான் போட்ட விடை

மார்ச் 11, செவ்வாய்

1

மனிதவளச் சான்றிதழுக்கான இன்றைய மாதிரித் தேர்வில் பதினேழாம் கேள்வியைத் தப்பாகப் போட்டேன். சின்னத் தவறுதான், ஒரு மதிப்பெண். இந்தக் கதை அதிலிருந்துதான் வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கேள்வி இது: ஓர் ஊழியர் மனிதவளப் பிரிவுக்கு வந்து மேற்பார்வையாளர் மீது புகார் சொல்கிறார். யாருக்கும் தெரியக் கூடாது என்கிறார். என்ன செய்வீர்கள்? 'ரகசியம் காப்பதாக உறுதி கூறுவேன்' என்பதற்கு டிக் போட்டேன். சரியான விடை: 'புகாரை விசாரித்தாக வேண்டும் என்பதால் முழு ரகசியம் காக்க முடியாது என்று, அவர் பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவேன்.'

மாலை வகுப்பு எடுக்கும் பயிற்சியாளர் சிரித்தார். "உங்க ஆபீஸ் பழக்கத்த வாசல்லயே கழட்டி விட்டுட்டு வாங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் நான் வேலை பார்க்கும் மனிதவளப் பிரிவிலும் இதே விடையைத்தான் சொல்லியிருந்தேன். ஒரு பெண்ணிடம்.

2

எப்படித் தொடங்குவது?

முதல் முயற்சி: 'கண்ணீர் மல்க அவள் உள்ளே நுழைந்தபோது, வெளியே மழை...'

(மழை இல்லை. கண்ணீரும் இல்லை. என்னைவிட மூத்தவர் வேறு. 'அவள்' என்று எழுதக் கை வரவில்லை.)

இரண்டாம் முயற்சி: 'பேக்கிங் பிரிவு அக்கா, அடையாள அட்டை உடைந்துவிட்டது என்று வந்தார்.' இது நடந்தது. [உடைத்ததும் அவர்தான் என்று நினைக்கிறேன். இரண்டு துண்டும் அவ்வளவு நேராக இருந்தன.]

"உக்காருங்கக்கா."

"பரவால்ல மேடம்."

"மேடம்லாம் வேண்டாம்க்கா."

"சரி மேடம்."

கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "எங்க சூப்பர்வைசர், நான் வீட்டுக்குப் போனப்புறம் போன் பண்றாரு. சும்மா பேசத்தானாம். எடுக்கலன்னா அடுத்த வாரம் நைட் ஷிஃப்ட். முன்னாடி இன்னொரு பொண்ணுக்கு இதே கததான். அது வேலைய விட்டே போயிடுச்சு. எனக்கு ஷிஃப்ட் மட்டும் மாத்திக் குடுங்க. யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா, தப்பு யாரு மேலன்னெல்லாம் கேக்க மாட்டாரு. வேலைய விட்டுடும்பாரு."

"சொல்ல மாட்டேன்க்கா."

அவர் முகம் தெளிந்தது. நல்ல காரியம் செய்துவிட்டதாக மாலை வகுப்பு வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

இந்த மேற்பார்வையாளர் பாத்திரம் சரியாக வரவில்லை. முதல் வரைவில் சிவந்த கண்களும் கரகரத்த குரலும் கொடுத்தேன். அடித்துவிட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் பிரிண்டரில் மாட்டிய காகிதத்தை உருவிக் கொடுத்து, "நல்லா வருவீங்கம்மா" என்றவர் அவர். அந்த நல்ல குரலில்தான் போனிலும் பேசுவாராக இருக்கும். கதையில் அவரை அப்படியே விட்டுவைக்கிறேன்.

4

(கதையோடு ஒட்டாத குறிப்பு. வெட்ட மனமில்லை.)

இந்தச் சான்றிதழை வாங்கினால் மட்டும் போதாது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பயிற்சி, கருத்தரங்கு என்று புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். "கல்யாணத்துக்கே புதுப்பிப்பு கெடயாது, இதுக்கு உண்டு" என்பார் பயிற்சியாளர். இடைவேளையில் அவரிடம் கேட்டேன்.

"கட்டுரை எழுதினா புள்ளி உண்டா சார்?"

"உண்டு."

"கதை?"

"கதைவிட்டா இருக்கறதும் போயிடும்."

பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்டேன். "பதினேழாம் கேள்வில... முதல்லயே சொல்லாம விட்டுட்டா? சொல்ல மாட்டேன்னு வேற சொல்லிட்டா?"

டீயைக் கீழே வைத்தார். "அது கேள்வித்தாள்ல இல்லயேம்மா."

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், ரகசியம் காக்க முடியாது என்று நான் சொன்னதும் அக்கா, "நீங்க கூட இருந்தா நானே மேனேஜர்கிட்ட சொல்றேன்" என்கிறார். (இதில் நான் ரொம்ப நல்லவளாக இருக்கிறேன். நம்ப முடியவில்லை.)

இன்னொன்றில் அதைக் கேட்டதும், "நான் அப்படி எதுவும் சொல்லவே இல்லயே மேடம்" என்கிறார். (இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.)

மூன்றாவதில் நான் வாயே திறப்பதில்லை. ஷிஃப்ட் மட்டும் மாறுகிறது. அக்காவுக்கு நிம்மதி. சில மாதங்கள் கழித்து வேறொரு பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று

இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.

மூன்றையும் இப்படியே வைக்கிறேன். வேண்டுமானால் நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மதிப்பெண் போட யாரும் இல்லை. யோசிக்காமல் அக்காவுக்கு ஒரு வார்த்தையை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். அவர் என்ன சொல்வார் என்பதையும் நானே எழுதிவைக்கக் கூடாது.

நாளை: சீக்கிரம் போக வேண்டும். புகார் பற்றிய கடிதமோ போனோ வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று விதிமுறையில் தேட வேண்டும். அது தெரிந்த பிறகு, இதை மேலாளரிடம் கொண்டுபோகும் முன், பேக்கிங் பிரிவுக்குப் போய் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, நான் சொன்னபடி நடக்க முடியாது என்று சொல்ல வேண்டும்.