சீர் சுமந்த ஜீப்

ஆற்றைக் கடக்கும், சேற்றில் இறங்கி ஏறும், மலைச்சரிவிலும் அஞ்சாது நிற்கும் என்று பெயர் பெற்ற ஒரு வண்டியை, பினாங்குத் தீவின் ஜெலுத்தோங் சந்தையில் ஒரு கட்டுக் கீரை வாங்கி வருவதற்காக நாள்தோறும் ஓட்டிய மனிதர் உலகில் ஒருவர் உண்டென்றால், அவர் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் காசிவிஸ்வநாதனாகத்தான் இருக்க முடியும்.

தோட்டத்துத் துரைமார்கள் ஒரு காலத்தில் ரப்பர் மரங்களுக்கிடையே ஓட்டித் திரிந்த வகை ஜீப் அது. அலுமினிய உடம்பு, மூக்கின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் மாற்றுச் சக்கரம், குளிர்சாதனம் என்பதைக் கேள்வியே பட்டிராத உட்புறம். அதன் ஸ்டியரிங்கைத் திருப்புவதென்பது அரசாங்க அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுப்பதைப் போன்றது. கொடுத்த பிறகு சக்கரங்கள் அதை ஆற அமரப் பரிசீலித்து, மனமிருந்தால் திரும்பும். மழைக்காலத்தில் அவருடைய மனைவி சிவகாமி வண்டிக்குள்ளேயே குடை பிடித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் ஜார்ஜ் டவுன் தொடங்கிக் கெலுகோர் வரை இருக்கிறார்கள். பேரங்காடிகளின் வாகன நிறுத்தங்களில் உயரத் தடுப்பு அதன் கூரையை இடிக்கும். ஆகவே எங்கோ ஒரு வெயிலில் அதை விட்டுவிட்டு, இருவரும் வியர்க்க வியர்க்க நடந்து போவார்கள். ‘எங்கும் போகும் வண்டி’ என்று அவர் பெருமை பேசியதில் பொய்யில்லை. போன இடத்தில் நிறுத்த முடியாது என்பதைத்தான் அவர் சொல்வதில்லை.

சந்தைக்கு அருகில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஷேக் அலாவுதீன் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: “என்ன வாத்தியாரே, இன்னிக்குக் காட்டுக்கா, கடைக்கா?”

“ரெண்டு பொட்டலம் நாசி கண்டார் கட்டுங்க பாய்.”

“புலி வேட்டைக்குப் போறவருக்கு ரெண்டு பொட்டலம் பத்துமா?”

கடையே சிரிக்கும். காசிவிஸ்வநாதனும் கூடச் சிரிப்பார். தானும் சிரித்துவிட்டால் அவமானம் பாதியாகிவிடும் என்பது, அந்த வண்டியை வாங்கிய பின்னர் அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த ஒரே அறிவியல் உண்மை.

இப்படிப்பட்ட வண்டியில்தான், தங்கை ஜெயந்தியின் குழந்தைக்குக் காது குத்தும் நாளன்று, கடற்பாலத்தைக் கடந்து அக்கரையிலுள்ள சிம்பாங் அம்பாட்டுக்குப் போவதென்று அவர் முடிவு செய்தார். ஜெயந்தி வீட்டின் கடைக்குட்டி. அண்ணனுக்கு மகள்போல வளர்ந்தவள். அவள் நெடுங்காலம் காத்திருந்து பெற்றது இந்தப் பெண்குழந்தை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மூத்த தாய்மாமன் காசிவிஸ்வநாதன். அந்த உரிமையை எண்ணி எண்ணி, குழந்தை பிறந்த நாளிலிருந்தே அவர் தம் மடியை ஆயத்தமாக வைத்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம். சனிக்கிழமை, ஒன்பது மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் குத்தி முடித்துவிட்டு, பத்தர் வேறொரு வீட்டுக்குப் போயாக வேண்டும்.

முன்தினம் மாலையில் சோமு தொலைபேசியில் அழைத்தான். சித்தப்பா மகன், ஆகவே முறைப்படி அவனும் குழந்தைக்குத் தாய்மாமன்தான். ஆனால் இளையவன்.

“அண்ணே, காலையில நானே வந்து உங்களையும் அண்ணியையும் ஏத்திக்கிறேன். என் மைவி கார்ல ஏர்கான் போட்டுக்கிட்டு ஜம்முனு போயிடலாம் லா.”

“தாய்மாமன் சீரை அடுத்தவன் கார்ல கொண்டு போறதா? நீ முன்னால போ. நான் என் வண்டியில வர்றேன்.”

காலையில் சிவகாமி பட்டுப்புடவையோடு வெளியே வந்தபோது திகைத்து நின்றாள். ஜீப்பின் இரு பக்கமும் வாழைக்கன்றுகள் கட்டப்பட்டிருந்தன. முன்புறக் கம்பிவலையை முழுவதும் மறைத்துத் தொடைப் பருமனில் ஒரு செண்டுமல்லி மாலை. அதன்மேல் நெருக்கிக் கட்டிய மாவிலைத் தோரணம். அதற்கும் மேலே, கோயில் யானைக்குக் கட்டுவதைப்போலச் சரிகை போட்ட புதுத் துண்டு ஒன்று.

“ஏங்க, இது மாமன் சீரா, சாமி ஊர்வலமா?”

“வர்றது தாய்மாமன்னு ஊருக்குத் தெரிய வேண்டாமா?”

“சத்தம் போதாதா? நீங்க வர்றது தெருவுக்கே அப்பவே தெரியுமே!”

சீர்த் தட்டுகளைப் பின்னால் அடுக்கிப் புறப்பட்டார்கள். கெலுகோரைத் தாண்டிப் பாலத்தில் ஏறும்வரை காசிவிஸ்வநாதன் தேரோட்டும் மிடுக்கில்தான் இருந்தார். கடந்து போன மோட்டார் சைக்கிள்காரர்கள் கைபேசியில் படமெடுத்தார்கள். அவரும் தலையசைத்து அருள் பாலித்தார். பாலத்தின் நடு மேட்டை நெருங்கும்போதுதான் சூடுகாட்டும் முள் அவர் கண்ணில் பட்டது. அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

‘ஏன்?’ என்று தம்மையே கேட்டுக்கொண்டார். எஞ்சினின் சூட்டைத் தணிப்பது ரேடியேட்டர். ரேடியேட்டரின் சூட்டைத் தணிப்பது முன்புறக் கம்பிவலை வழியாக நுழையும் காற்று. காற்றுப் போகும் வழியில் என்ன இருக்கிறது? மாலை இருக்கிறது, தோரணம் இருக்கிறது, துண்டு இருக்கிறது. வெப்பம் எவ்வாறு கடத்தப்படுகிறது என்பதை ஒரு தலைமுறை மாணவர்களுக்குக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியவர், தம் வண்டியின் மூக்கைத் தாமே பொத்தி, அதற்குப் பொட்டும் வைத்துப் பூசை செய்திருக்கிறார்!

பாலத்தின் நடுவில் நிறுத்தி மாலையைக் கழற்ற முடியாது. பின்னால் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவ்வேளையில் ஜெயந்தி சிவகாமியை அழைத்தாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் பதறியது.

“அண்ணி, எங்க இருக்கீங்க? பத்தர் வந்துட்டாரு. அத்தை வேற, ‘சோமுதான் இருக்கானே, அவனும் மாமன்தானே, அவன் மடியில உக்கார வெச்சு முடிச்சிடலாம்’னு ஆரம்பிச்சிட்டாங்க. நான் என்ன சொல்றது?”

“வந்துட்டே இருக்கோம்னு சொல்லு!” என்று கத்தினார் காசிவிஸ்வநாதன். கம்மல் முன்தினமே அங்கு போய்ச் சேர்ந்துவிட்டது. இனி அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது மடி ஒன்றுதான்; அங்கே மடியும் ஒன்று இருந்தது.

எஞ்சின் சூட்டைக் குறைக்க இன்னொரு வழி அவருக்குத் தெரியும். குளிர்நாட்டுக்காரர்கள் கால் விறைக்காமலிருக்க வைத்துக்கொண்ட ஹீட்டர் அந்த ஜீப்பில் இன்னும் உயிரோடிருந்தது. பினாங்கில் ஹீட்டர் எதற்கென்று கேட்டவர்களிடமெல்லாம், ‘அசல் பொருளைக் கழற்றக் கூடாது’ என்று வாதாடியவர் அவர். அதைத் திருகினால் எஞ்சினின் சூடு ஆட்கள் பக்கம் திரும்பும். திருகினார்.

“ஏங்க, என்ன இது, கால்ல நெருப்பு வெச்ச மாதிரி இருக்கு?”

“கொஞ்சம் பொறுத்துக்க. வண்டி சூடாகுது.”

“அதுக்கு நாம வேகணுமா?”

பேசுவதற்கு வாயைத் திறந்தால் சூடான காற்று உள்ளே போயிற்று. ஜிப்பா முதுகோடு ஒட்டிக்கொண்டது. குங்குமம் சிவகாமியின் மூக்குவரை இறங்கியது. முள் சற்றே இறங்குவதுபோல் நடித்து, பாலம் முடிந்து, சிம்பாங் அம்பாட்டை நோக்கிச் சிறிது தொலைவு போனதும் துள்ளி ஏறியது. ஜீப்பின் மூக்கிலிருந்து வெண்புகை கிளம்பியது. சாலையோரம் ஒதுக்கி நிறுத்தி அவர் கீழே இறங்கினார். மாலையும் மாவிலையும் ரேடியேட்டரோடு ஒட்டி வெந்து, கீரை கடைந்த மணம் வீசியது. ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கிளம்புவதற்குள் ராகு காலம் வந்து போயே விடும்.

“கிராப் டாக்சி கூப்பிடு,” என்றார் தணிந்த குரலில்.

சிவகாமி முகத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். “கிராப் எப்ப வந்து சேருமோ? அதுவரைக்கும் அங்க சோமு சும்மாத்தானே உக்காந்திருப்பான்? அவனைக் கூப்பிடுங்க.”

“அவனையா? எந்த முகத்தோட?”

“இந்த வெந்த முகத்தோடதான். அவன் கிளம்பி இங்க வந்துட்டா, அங்க மடி ஏது? நாம போற வரைக்கும் குழந்தையை யாரு மடியில வெச்சுக் குத்துவாங்க?”

காசிவிஸ்வநாதன் மனைவியை வியந்து பார்த்தார். இத்தகைய அறிவுள்ளவளைத்தான் மழைக்குக் குடை பிடிக்கவும் வெயிலில் நடக்கவும் இத்தனை நாள் தாம் பயன்படுத்தி வந்திருக்கிறோம் என்பது உறைத்தது. தம் வாயாலேயே அவர் சோமுவை அழைத்தார். “தம்பி, வண்டி நின்னுபோச்சு. வந்து ஏத்திக்க,” என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

மறுமுனையில் சோமு கேலி செய்யவில்லை. “இதோ வந்துட்டேன்ணே!” என்றவன், சொன்னபடியே வந்து நின்றான். தோளில் புதுத் துண்டு, நெற்றியில் சந்தனம். மடியாக அமர்வதற்கு அவனை அலங்கரித்து முடித்திருந்தார்கள்.

“நல்ல வேளை கூப்பிட்டீங்கண்ணே,” என்றான் தட்டுகளை மைவியில் ஏற்றிக்கொண்டே. “எனக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும் லா. அத்தை பிடிச்சு உக்கார வெச்சுட்டாங்க. எப்படித் தப்பிக்கிறதுன்னு முழிச்சிட்டு இருந்தேன்.”

மைவியின் குளிர்க்காற்று முகத்தில் அறைந்தபோது, காசிவிஸ்வநாதனுக்குத் தாம் யாரை எதிர்த்து வாழைக்கன்று கட்டிக்கொண்டு வந்தோம் என்பதே விளங்கவில்லை. போட்டிக்கு ஆளே இல்லாத பந்தயத்தில், அவர் ஒருவரே ஓடி, ஒருவரே தோற்றிருக்கிறார்.

ஜெயந்தியின் வீட்டுக்குள் நுழைந்ததும் அவளுடைய மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்தார். “என்ன தம்பி, கடல்ல நீந்தியா வந்தீங்க?”

“சோமு வண்டியில வந்தோங்க,” என்றார் அவர், எல்லார் காதிலும் விழும்படி.

“அண்ணே, முதல்ல உக்காருங்க,” என்று ஜெயந்தி குழந்தையை அவர் மடியில் வைத்தாள். குரலில் கோபம் இருந்தது. கண்களில் நிம்மதி இருந்தது. குழந்தை அவருடைய ஈரச் சட்டையைத் தொட்டுப் பார்த்து, வெந்த பூவும் பெட்ரோலும் கலந்த நெடியை முகர்ந்து, ஊசி வருவதற்கு முன்பே வீறிட்டது. பத்தர் வலக்காதில் குத்தினார். குழந்தை போட்ட சத்தத்தில் கூடத்து விளக்கே காசிவிஸ்வநாதனின் கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தது. பாலம் முழுவதும் வெந்த உடம்பு. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீரும் குடிக்கவில்லை. தலை மெல்லப் பின்னால் சரிந்தது.

“மாமனைப் பிடிங்க, மாமனைப் பிடிங்க!” என்றார் பத்தர், இடக்காதை விடாமல். “ராகு காலம் வருது, நேரமில்ல.”

ஊசியைப் பார்க்கக் கூடாதென்று சுவரைப் பார்த்து நின்றிருந்த சோமு, கண்களை இறுக மூடிக்கொண்டு ஓடி வந்து, பின்னால் காலை மடக்கி அமர்ந்து, இரு கைகளாலும் அண்ணனைத் தாங்கிக்கொண்டான். அந்த நிலையிலேயே இடக்காதும் குத்தியாயிற்று. சிவகாமி எடுத்த படத்தில் எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது: குழந்தை காசிவிஸ்வநாதனின் மடியில், காசிவிஸ்வநாதன், ஏறக்குறைய, சோமுவின் மடியில்.