ரேடியேட்டரில் போட்ட தவிடு

பரந்தாமன் அந்தப் பழைய காரை வாங்கியதற்கு முதல் காரணம், அதைத் தன் மச்சான் திருவேங்கடம் வாங்கிவிடக் கூடாது என்பது. இரண்டாவது காரணம் ஏதாவது இருந்ததா என்று அவன் மனைவி தாட்சாயிணிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயரின் வண்டி அது. ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். ஏறுவதற்கு இரண்டு பக்கமும் பலகை, மேலே மடக்கிவைக்கும் கித்தான் கூரை. யுத்தத்துக்கு முந்திய அந்த வருஷங்களில் அம்பத்தூர்ப் பக்கம் சொந்தக் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாரிவாக்கத்தில் ஆயில் இன்ஜின் வைத்து நிலத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த திருவேங்கடம், துரையைப் பார்த்துப் பேசிவிட்டு வந்து, ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தான். மறுநாள் விடிந்ததும் பரந்தாமன் போய் விலை பேசி முடித்துவிட்டான்.

தாட்சாயிணியின் அண்ணனுக்கும் புருஷனுக்கும் கல்யாணப் பந்தலிலேயே ஆகாமல் போயிருந்தது. தாம்பூலத் தட்டை யார் முதலில் நீட்டுவது என்பதில் ஆரம்பித்த பேச்சு அது. பிறகு வரப்பு, வாய்க்கால், பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு என்று எதைத் தொட்டாலும் புகைந்தது. இப்போது கார்.

வண்டி பரந்தாமனின் மேனாம்பேட்டு வீட்டு வாசலுக்கு வந்த வாரமே முன்பக்கம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. பூந்தமல்லியில் பஸ்களுக்கு ரிப்பேர் செய்யும் ஷெட் வைத்திருந்த கலீல் ரகுமானைக் கூட்டிவந்தார்கள். நல்ல வேலைக்காரன், ஆனால் வாயில் தேன் தடவிக்கொண்டு பேசுகிற ஆள் இல்லை. வண்டியைச் சுற்றிவந்தான், கீழே படுத்துப் பார்த்தான், எண்ணெயைத் தொட்டு விரல்களுக்கு நடுவில் தேய்த்தான்.

"ரேடியேட்டர் அடில விரிசல் கீது. கழட்டி ஈயம் வெச்சு ஊதணும். எண்ணெய் தார் மாதிரி ஆயிப்போச்சு, அத மாத்தணும். பிரேக்கு கம்பி தேஞ்சு கீது. பத்து நாள் வண்டிய ஷெட்டுல வுடுங்க."

"பத்து நாளா?" பரந்தாமனின் முகம் மாறியது. திருவேங்கடத்தின் மகனுக்குக் காதுகுத்து அடுத்த வாரம். அந்த வாசலில் இந்தக் காரைக் கொண்டுபோய் நிறுத்தத்தான் அவன் ராத்தூக்கம் இல்லாமல் காத்திருந்தான். "இன்னா பாய், எம் மச்சான் ஏதாச்சும் சொல்லி அனுப்பினானா?"

கலீல் கையைத் துடைத்துக்கொண்டான். "வண்டி சொல்றத நான் சொன்னேன். கேக்கறதும் கேக்காததும் உங்க இஷ்டம்." அவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அம்பத்தூரில் ஒரு பஸ் டிரைவர் பரந்தாமனுக்கு வழி சொன்னான். தண்ணீர் ஒழுகினால் உள்ளே கொஞ்சம் தவிட்டைப் போடு, ஊறிப் போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். பரந்தாமன் வீட்டுக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டான்.

"மாட்டுத் தவிட்டுல கல்லு கில்லு இல்லாம ரெண்டு கை சலிச்சுக் குடு."

"பாய ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே," என்றாள் தாட்சாயிணி.

"அவனக் கேட்டா இன்ஜினையே கழட்டணும்பான். குடுடி."

அவள் சலித்துக் கொடுத்தாள். அவன் மூடியைத் திறந்து கொட்டினான். ஒழுக்கு நின்றது. அவன் அடுத்த நாளும் ஒரு கை கேட்டு வாங்கிப் போட்டான், அதற்கடுத்த நாளும் போட்டான். நின்ற ஒழுக்கு திரும்ப வந்துவிடக் கூடாதே என்ற பயம்.

காதுகுத்து அன்று தாட்சாயிணி, அவள் மாமியார், இரண்டு பெண் குழந்தைகள், சீர்த்தட்டுகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வண்டி பாரிவாக்கம் போய்ச் சேர்ந்தது. பரந்தாமன் தெருமுனையிலிருந்தே ஹாரனை அமுக்கிக்கொண்டு போனான். வாசலில் நின்றதும் மூடியின் இடுக்கிலிருந்து மெல்லிய ஆவி வந்ததைத் தாட்சாயிணி பார்த்தாள். பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணனும் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு அவன் உதட்டோரம் சிரித்ததையும் அவள் பார்த்தாள். ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை. "வாங்க மச்சான், வாங்க. வண்டி பலே ஜோர்" என்று மட்டும் சொன்னான்.

சாப்பாடு முடிந்து கிளம்பினார்கள். ஊர் எல்லையைத் தாண்டவில்லை, மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது. புளித்த நாற்றத்தோடு கொதிநீர் பீறிட்டது. மாமியார் அலறினாள். கூட்டம் கூடுவதற்குள் திருவேங்கடம் தன் எருதுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஏற்கெனவே நுகத்தடியோடு தயாராக நின்றிருந்தவன் மாதிரி வந்தான்.

"கவலப்படாதீங்க மச்சான். எங்கூட்டு மாடு பெட்ரோல் கேக்காது."

சிரிப்பு தெருவெல்லாம் பரவியது. பரந்தாமன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். அப்படியே, எருதுகளுக்குப் பின்னால், பூந்தமல்லி ஷெட்டு வரைக்கும் இழுபட்டுப் போனான்.

மறுநாள் காலை ஷெட்டில் வைத்துக் கலீல் ரேடியேட்டரைத் திறந்தான். தாட்சாயிணியும் வந்திருந்தாள். ராத்திரி அண்ணன் வீட்டில் தங்க நேர்ந்ததில் புருஷனும் அண்ணனும் முறைத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களைத் தனியாக ஷெட்டுக்கு அனுப்ப அவளுக்குத் துணிச்சல் இல்லை.

கலீல் கம்பியை விட்டு நெம்பினான். கூழ் போல் வெந்து கறுத்த ஒரு கட்டி பொத்தென்று விழுந்தது. நாற்றத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்.

"தவிடு," என்றான் கலீல். "எவன் போட்டான் இத?"

தாட்சாயிணி புருஷனைப் பார்த்தாள். நான்தான் போட்டேன் என்று சொல்லப்போகிறான், சொல்லிவிட்டு எல்லோர்மேலும் எரிந்து விழப்போகிறான் என்று நினைத்தாள். அவன் திருவேங்கடத்தின் பக்கம் திரும்பினான்.

"உள்ள சோறு போட்டுட்டு வெளில எங்கார்ல தவிட்டப் போட்டியாடா?"

"இன்னா சொன்னே?"

"நான் எலைல குந்தினு இருக்கசொல்ல போட்டிருக்கே. மாட்ட ரெடியா வேற வெச்சிருந்தியே! தோ, இவனும் உனுக்குக் கூட்டு." பரந்தாமன் கலீலின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "பத்து நாள் பத்து நாள்னு சொன்னது இதுக்குத்தான். உன்ன டேசன்ல குந்த வெக்கிறேன் பாரு!"

கலீல் அந்தக் கையைத் தட்டிவிட்டான். பரந்தாமன் ஓங்கி அறைந்தான். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சுற்றுகிற இரும்பு ஹேண்டிலைத் திருவேங்கடம் கையில் எடுத்தான். ஷெட்டிலிருந்த மற்ற ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு நெருங்கினார்கள். இன்னும் ஒரு வார்த்தை விழுந்தால் மண்டை உடையும் என்பது தாட்சாயிணிக்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்லக்கூடியவள் தான் ஒருத்திதான் என்பதும் தெரிந்தது.

"தவிட்ட சலிச்சுக் குடுத்தவ நானு," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "அவருதான் போட்டாரு. ஒரு நாள் இல்ல, மூணு நாள். பாய் மேலயும் தப்பில்ல, அண்ணன் மேலயும் தப்பில்ல."

திருவேங்கடம் சிரித்தான். ஹேண்டிலைக் கீழே போட்டுவிட்டு, தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"கேட்டுக்கங்கய்யா! பொண்டாட்டியே சாட்சி சொல்லிட்டா!"

தாட்சாயிணி அவன் பக்கம் திரும்பினாள். "நீ சிரிக்காத அண்ணாத்தே. வண்டி வந்து நின்னப்பவே ஆவி வந்துது. நீயும் பாத்தே. இன்ஜின் வெச்சிருக்கிறவன் உனுக்குத் தெரியாதா அது? ஒரு வார்த்த சொல்லல. எம் பொண்ணுங்க ரெண்டும் அந்த வண்டிலதான் ஏறுச்சுங்க. கொதிதண்ணி அதுங்க மூஞ்சில அடிச்சிருந்தா அப்பவும் இப்படித்தான் சிரிச்சிருப்பியா?"

திருவேங்கடத்தின் சிரிப்பு நின்றது. "பொறந்த ஊட்டுக்கு இனிமே வராத," என்றான்.

பரந்தாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தான். மனைவி வருகிறாளா என்று திரும்பவில்லை.

கலீலின் கன்னம் சிவந்திருந்தது. "வண்டிய எடுத்துனு போய்டுங்க," என்றான். தாட்சாயிணி மன்னிப்புக் கேட்டாள். அவன் தலையை அசைக்கவில்லை. "சலவ சோடாவ வெந்நீர்ல கரைச்சு ஊத்தி ஊத்திக் கழுவுங்க. தண்ணி தெளிவா வரணும். ஆனா தவிடு போச்சுன்னா விரிசல் தொறந்துக்கும், தெனம் தண்ணி ரொப்பணும். இதக்கூட உங்களுக்காகத்தான் சொல்றேன். அந்தாளு வண்டிய நான் இனிமே தொடமாட்டேன்."

வாடகை மாடுகளைப் பூட்டி வண்டியை மேனாம்பேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். அடுத்த சில நாட்கள் கிணற்றடியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். சோடா பட்டுக் கைத்தோல் உரிந்தது. பழுப்பாக வந்த தண்ணீர் கலங்கலாகி, கலங்கல் தெளிந்து, கடைசியில் குடிக்கிற தண்ணீர் போல வந்தது. ஹேண்டிலைச் சுற்றியதும் இன்ஜின் நல்லபடியாகப் பிடித்துக்கொண்டது. பரந்தாமன் ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனான். அவளிடம் பேச்சு இல்லை. சோற்றுத்தட்டை வைத்தால் சாப்பிட்டான். தண்ணீர் வேண்டுமென்றால் தன் தாயைக் கூப்பிட்டான்.

தினமும் காலையில் அவன் எழுவதற்கு முன் தாட்சாயிணி ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பிவிடுவாள். துணியால் வடிகட்டித்தான் ஊற்றுவாள். ஒருநாள் பரந்தாமன் அதைப் பார்த்துவிட்டான். குடத்தை அவள் கையிலிருந்து பிடுங்கி முகர்ந்து பார்த்தான்.

"இதுல இன்னாத்தக் கலந்து ஊத்தறே?" பேச்சு நின்ற பிறகு அவன் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அது. "உங்கண்ணன் சொல்லிக் குடுத்தானா?"

அன்று மத்தியானமே வண்டிக் கொட்டகைக்குக் கதவு வைத்துப் பூட்டுப் போட்டான். சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டான்.

அவள் கொட்டகைக் கதவைப் பார்த்துச் சொன்னாள். "விரிசல் தொறந்துனு கீது. தெனம் தண்ணி ஊத்தணும்." அவனுக்குக் கேட்டது. கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. முதல் நாள் மூடியைத் திறந்து பார்த்தான், நிறைய இருந்தது. பெண்டாட்டி பயமுறுத்துகிறாள் என்று முடிவுகட்டினான். அப்புறம் திறக்கவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் ஆவடியிலிருந்து திரும்பும்போது, பருத்திப்பட்டு ஏரிக்கரை ஓரம், இன்ஜின் உள்ளுக்குள் கறகறவென்று அரைத்து நின்றுபோயிற்று. ஏரியில் கரை முட்டத் தண்ணீர் இருந்தது. மொண்டு ஊற்றிப் பார்த்தான். ஹேண்டில் ஒரு அங்குலம்கூடச் சுற்றவில்லை.

நடந்து வீட்டுக்கு வந்தான். வேட்டியெல்லாம் புழுதி. தாட்சாயிணி வாசலோரத்து அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் எதிரில் வந்து நின்றான்.

"இன்ஜின் பூடுச்சு. நீ ஏன் தண்ணி ஊத்தல?"

அவள் அரைப்பதை நிறுத்தவில்லை.

"சாவி உங்க இடுப்புலதான கீது."

அவன் சாவியைப் பிடுங்கி அவள் காலடியில் எறிந்தான். அது அம்மிக்கல்லில் பட்டுத் தெறித்து மண்ணில் விழுந்தது. அவள் மிளகாயை வழித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏரிக்கரையில் நின்ற வண்டியை ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டார்கள். அந்தச் செய்தி பாரிவாக்கம் போனதும், வண்டியை வாங்கிக்கொள்ளத் தயார் என்று திருவேங்கடம் ஆள் அனுப்பினான். பரந்தாமன் வெளியே வரவில்லை. தாட்சாயிணிதான் வாசலுக்கு வந்தாள். "இங்க எதுவும் விக்கறதுக்கில்ல, போய்ச் சொல்லு," என்று கதவைச் சாத்தினாள்.

சாவி விழுந்த இடத்திலேயே கிடந்தது. தினமும் வாசலைப் பெருக்கும்போது அதை விட்டுவிட்டுச் சுற்றிலும் பெருக்கினாள். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம் பரந்தாமனே வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து எடுத்துக்கொண்டு போனான்.