வண்டி நின்றால் யாரைக் கூப்பிடுவது

கார் ஓட்டும்போது பாட்டு கேட்பதைப் பிரபாவதி நிறுத்தி வெகுநாள் ஆகிவிட்டது. பாட்டு ஓடினால் வண்டியின் சத்தம் காதில் விழாது. எங்கே கடகடக்கிறது, எது புதிதாக முனகுகிறது, பிரேக்கில் வரும் இந்தக் கீச்சு நேற்றும் இருந்ததா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டுவாள். ஒருவர் கைமாறி வந்த வண்டி. அதை நம்பித்தான் அவள் பிழைப்பு ஓடியது. பக்கவாதம் வந்தவர்களுக்கும் இடுப்பெலும்பு முறிந்தவர்களுக்கும் வீடு தேடிப் போய்க் கைகால் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் அவள். ஒரு நாள் திருவாலங்காடு, ஒரு நாள் அம்மையார்குப்பம், ஒரு நாள் எல்லை தாண்டி நகரி. பஸ்ஸை நம்பினால் பாதி வீடுகளுக்குக்கூடப் போய்ச் சேர முடியாது.

அந்தக் கார் இன்னொரு தரம் வழியில் நின்றால் விற்றுவிடுவது என்று குடும்பத்தில் முடிவாகியிருந்தது.

முடிவைச் சொன்னவர் அவள் அக்கா சுசித்ராவின் கணவர் மணவாளன். பிரபாவதிக்குப் பாவா. திருத்தணியில் கேன் தண்ணீர் வியாபாரம். அவருடைய வேனின் இரண்டு பக்கமும் போன் நம்பரைச் சிவப்பில் முழ உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார். மலைக்கோயில் படியில் நின்று பார்த்தாலும் தெரியும் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

முதல் தடவை அம்மையார்குப்பத்தில் பேட்டரி செத்தது. இரண்டாவது தடவை திருவாலங்காட்டுச் சாலையில், கரும்பு டிராக்டர்களுக்கு நடுவே டயர் வெடித்தது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை. இரண்டு தடவையும் பாவாதான் வந்தார். வியாபாரத்தைப் போட்டுவிட்டு வந்தார். மெக்கானிக்கை அள்ளிப் போட்டுக்கொண்டு, பிளாஸ்க்கில் டீயோடு வந்தார். கூப்பிட்டு அவர் வராமல் இருந்ததே இல்லை. சிக்கலே அங்கேதான். வந்து காப்பாற்றிவிட்டுப் போனால் பரவாயில்லை, அதற்குப் பிறகு கதை சொல்வார்.

உறவுக்காரர் கல்யாணப் பந்தியில் இலைக்கு இலை அந்தக் கதை போயிற்று. "நடு ரோட்ல நின்னுகினு அழுதுகினு இருக்குது எங்க பிரபா. இந்தாண்ட கரும்பு லோடு, அந்தாண்ட கரும்பு லோடு. நான் மட்டும் போவலன்னா இன்னா ஆயிருக்கும்?"

"நான் எங்க பாவா அழுதேன்?" என்றாள் பிரபாவதி, எதிர்வரிசையிலிருந்து.

"கண்ணு சிவந்திருந்துதே."

"புழுதி."

"ஆங், புழுதிதான்," என்று பாவா பக்கத்து இலைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். பந்தியே சிரித்தது. கை கழுவும் இடத்தில், அவள் கணவன் கௌதமனிடம் பாவா சொன்னதும் அவள் காதில் விழுந்தது. "இன்னொரு தபா நின்னா வித்துடலாம் சகல. நானே ஆள் பாக்கறேன். ஒரு கிளினிக்ல சேர்த்து உட்டா நிழல்ல உக்காந்துகினு வேலை செய்யும்."

கௌதமன் தலையாட்டினான். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவனுக்கு ஷிப்ட் வேலை. உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அவள் வழியில் நின்றால் அவனுக்குத் தெரியவே மாலை ஆகிவிடும். அவன் தலையாட்டியதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம்தான் அவளை ராத்திரி புரண்டு புரண்டு படுக்க வைத்தது.

வழியில் வண்டி நின்றால் ஆள் அனுப்பும் திட்டங்களைப் பற்றி அவள் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில், டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைத்துப் படித்தாள். கார் கம்பெனியே தருவது ஒன்று. இன்சூரன்ஸோடு சேர்த்து வாங்குவது ஒன்று. இது ஒன்றுக்காகவே இருக்கும் தனிக் கம்பெனி ஒன்று. எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் 'இந்தியா முழுவதும்' என்று இருந்தது. சின்ன எழுத்துக்கு வந்தால் ஒன்று குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் இழுக்காது, ஒன்று சாவி தொலைந்தால் வராது, ஒன்று டயருக்கு வரும், கிளட்சுக்கு வராது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கம் நின்றாலும் வரவேண்டும். கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"உங்க லொகேஷன் தமிழ்நாடா, ஆந்திராவா மேடம்?" என்றாள் மறுமுனைப் பெண்.

"ரெண்டும்."

"ஏதாவது ஒண்ணுதான் சொல்ல முடியும் மேடம்."

"வெள்ளிக்கிழமை ஆந்திரா. மத்த நாள் தமிழ்நாடு. பொன்பாடி செக்போஸ்ட் கிட்ட நின்னா முன்னாடி டயர் அங்க, பின்னாடி டயர் இங்க."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். பிறகு கூப்பிடவே இல்லை.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் அரசுவிடம் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவான். ஆனால் அரசு சாயங்காலமானால் பாவாவின் தண்ணீர்க் கடையில்தான் உட்கார்ந்திருப்பான். காலையில் கேட்டால் ராத்திரிக்குள் சுசித்ரா போன் செய்து, "இன்னாடி, உங்க பாவா உனக்கு ஒண்ணும் செய்யலன்னு கம்பெனிக்காரனக் கூப்பிடறியாமே?" என்பாள். கம்பெனிக்குப் பணம் கட்டுவது அந்தக் குடும்பத்தில் சாதாரண விஷயமில்லை. மனிதர்கள் இல்லாதவர்கள் செய்கிற காரியம் அது.

கடைசியில் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நாள் நெருங்கியபோது, அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆப்பில் இரண்டு மாநிலத்துக்கும் வரும் திட்டம் ஒன்று இருப்பதைப் பார்த்தாள். புத்தூரிலும் ஆள் இருந்தார்கள், அரக்கோணத்திலும் இருந்தார்கள். வண்டி எண்ணைப் போட்டதும் பெயரும் முகவரியும் தாமாகவே வந்து விழுந்தன. போன் எண் இருக்கவேண்டிய இடத்தில் நட்சத்திரங்கள். 'விவரங்கள் சரி' என்பதை அழுத்தினாள், பணம் கட்டினாள், போனைப் பையில் போட்டுக்கொண்டு நோயாளி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

கௌதமனிடம் அன்று மாலையே சொன்னாள்.

"சகலைக்குத் தெரியுமா?" என்றான்.

"எதுக்குத் தெரியணும்?"

"தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாரு."

"தெரியாம இருந்தா கஷ்டப்பட மாட்டாரு இல்ல?"

அவன் டிபன் பாக்ஸைக் கழுவப் போனான்.

நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. இப்போது வண்டியின் சத்தத்தோடு அந்தக் கம்பெனி உண்மையில் வருமா என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினாள். சில நாள், வண்டி ஒழுங்காக ஓடுவதே எரிச்சலாக இருந்தது. நின்று தொலைந்தால் தெரிந்துவிடுமே என்று தோன்றும். உடனே பயந்து, டேஷ்போர்டில் ஒட்டியிருந்த முருகனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை நின்றது.

பொன்பாடி தாண்டி, ஆந்திரா வரவேற்கும் குறுஞ்செய்தி போனில் விழுந்த சற்று நேரத்தில் கிளட்ச் பெடல் துவண்டு அடியில் ஒட்டிக்கொண்டது. மிதித்த கால் எழும்பவில்லை. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. மஞ்சள் வேட்டியில் காவடியோடு திருத்தணியை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தவர்களில் நாலைந்து பேர், காவடியைத் தோழர்களிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்து, "அரோகரா" என்று வண்டியை ஓரத்துக்குத் தள்ளினார்கள். ஒருவர் தெலுங்கில், "கொண்டைக்கு வெள்ளாலம்மா, இட்லா காது," என்றார். மலைக்குப் போகவேண்டியவள் எதிர்ப்பக்கம் போனால் இப்படித்தான் என்கிறார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நகரியில் ஜெயம்மாள் காத்துக்கொண்டிருப்பாள். அவள் கணவரை இன்று முதல் தடவையாகப் பிடிமானம் இல்லாமல் நிற்க வைப்பதாகப் பிரபாவதி சொல்லியிருந்தாள். அந்த மனிதர் காலையிலேயே புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பார்.

விரல் பழக்கத்தில் பாவாவின் பெயருக்குப் போயிற்று. விலக்கினாள். கம்பெனிக்கு அடித்தாள். வண்டி எண்ணைக் கேட்டார்கள், இடத்தைக் கேட்டார்கள், புத்தூரிலிருந்து வண்டி கிளம்புகிறது என்றார்கள். "உங்க ரெஜிஸ்டர் நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. கோடு வரும் மேடம். டிரைவர் வந்ததும் அதைச் சொல்லுங்க."

கோடு வரவில்லை. சிக்னல் இருந்தது, கோடு வரவில்லை. போனை அணைத்துப் போட்டாள். வெயிலில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தாள், திரும்பி வந்தாள், வண்டியின் கதவைத் திறந்து மூடினாள். காவடிகள் போய்க்கொண்டே இருந்தன.

காரை ஏற்றிப்போகிற, மேலே தட்டையான பெரிய வண்டி வந்தேவிட்டது. நம்பமுடியாமல் பார்த்தாள். டிரைவர் இறங்கி, சக்கரத்தைப் பார்த்து, சங்கிலியை எடுத்து வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "கோடு சொல்லுங்க மேடம். அது போட்டாதான் ஆப்பு ஓபன் ஆவும்."

"வரலியே."

அவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். நட்சத்திரங்களுக்குப் பின்னால் கடைசி நான்கு எண்கள் மட்டும் இருந்தன. முழ உயரத்தில், சிவப்பில், வேனின் இரண்டு பக்கமும் அவள் வருடக்கணக்காகப் பார்த்த எண்கள்.

கார் வாங்கியபோது ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் இன்சூரன்சுக்கும் அலைந்தவர் பாவா. அவர்கள் குடும்பத்தில் கேஸ் சிலிண்டர் முதல் கரண்டு பில் வரை யார் வீட்டுக் காகிதமானாலும் அவர் நம்பரைத்தான் எழுதுவார்கள். அவர் போன்தான் எப்போதும் ஆனில் இருக்கும் என்பார்கள். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை, அவளும்தான்.

கூப்பிட்டாள். ஒரு மணி முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்.

"நாலு, ஒண்ணு, ஏழு, ஏழு," என்றார்.

அவள் டிரைவரிடம் சொன்னாள். ஆப் திறந்தது. சங்கிலி கலகலத்தது.

"உங்களுக்கு எப்ப தெரியும் பாவா?"

"நீ பணம் கட்டின அன்னிக்கே மெசேஜ் வந்துது."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"நீ சொல்லுவன்னு இருந்தேன்." வேன் கதவு அடைபடும் சத்தம் போனில் கேட்டது. "இப்ப வந்துகினே இருக்குது மெசேஜு. டிரைவர் கிளம்பிட்டான், டிரைவர் கிட்ட வந்துட்டான். சாவியக் கையில வச்சிகினு உக்காந்துகினு கீறேன். ஊருக்குள்ள போலீசு வண்டி உட மாட்டேங்கறான், ஒரே காவடி. நான் வரட்டுமா?"

"வேணாம் பாவா."

"மெக்கானிக்கு?"

"அவங்களே புத்தூர்ல பாத்துக்குவாங்க."

"அப்ப சரி," என்றார். வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. கார் முன்சக்கரம் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் டிரைவர் கையெழுத்துக்குக் கூப்பிட்டதால் அவள்தான் வைத்தாள்.

ஷேர் ஆட்டோ பிடித்து நகரி போய்ச் சேர்ந்தாள். ஜெயம்மாளின் கணவர் புதுச் சட்டை வியர்வையில் நனைந்திருக்க உட்கார்ந்திருந்தார். "கார் இல்லியா?" என்று ஜெயம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ரிப்பேருக்குப் போயிருக்குது. எழுந்திரிங்கய்யா."

அவர் எழுந்தார். அவள் கைகளை விலக்கினாள், ஆனால் அவர் உடம்பை ஒட்டியே வைத்திருந்தாள். விழுந்தால் பிடிக்கிற தூரம், தொடாத தூரம். அவர் ஆடினார், நின்றார், மறுபடி ஆடினார். "புடிம்மா," என்றார். "இருங்க," என்றாள். ஜெயம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

வெளியே வந்து வேப்பமர நிழலில் கம்பெனிக்கு மறுபடி அடித்தாள். போன் நம்பரை மாற்றவேண்டும் என்றாள். அதற்குப் பழைய நம்பருக்கு ஒரு கோடு போகும் என்றார்கள். இதை எதிர்பார்த்திருந்தாள். இருந்தும் கொஞ்சம் நடந்துவிட்டு வந்துதான் பாவாவை அழைத்தாள்.

"இன்னொரு கோடு வந்திருக்கும் பாவா."

"வந்துகீது. இது எதுக்கு?"

"நம்பர மாத்தறதுக்கு. என் நம்பரப் போடறேன்."

"அப்ப இனிமே எனக்கு வராது?"

"வராது."

அவர் தொண்டையைச் செருமினார். "வண்டி நின்னதக் கௌதமன்கிட்ட சொல்லணுமே. மூணாவது தபா."

"நான் சொல்லிக்கறேன். நின்னுது, ஆள் வந்துச்சு, நான் வேலைக்குப் போயிட்டேன். இதுல விக்கறதுக்கு இன்னா இருக்குது?"

கடையில் யாரோ இரண்டு கேன் கேட்பதும், அவர் 'இரு' என்பதும் கேட்டது.

"அழுதியா?" என்றார்.

"இல்ல."

"புழுதி கூட இல்லியா?"

"இருந்துது. துடைச்சிகினேன். நம்பரச் சொல்லுங்க பாவா."

கண்ணாடியைத் தேடினார் போலிருக்கிறது, ஏதோ உருண்டு விழுந்தது. பிறகு படித்தார், குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாக. "ஆறு. ஜீரோ. மூணு." நிறுத்தினார்.

அவள் காத்திருந்தாள். சாலையில் காவடிச் சிந்து நெருங்கி வந்து, கடந்து போயிற்று.

"பாவா?"

"எட்டு," என்றார்.