இரண்டாவது கடிதம்

"ரெண்டாவதுதான் என் பையன்," என்றாள் தோனா சுல்மீரா. கைப்பையை இன்னும் மடியிலிருந்து இறக்கவில்லை. "மொதல் கடுதாசிய வேற எந்த அம்மாவோடதுன்னு பாத்து குடுத்துடுங்க, பாவம்."

எதிரே உட்கார்ந்து, தாய் சொல்வதை மதிப்பெண் தாளில் குறித்துக்கொண்டிருந்த நொயேமியா பேனாவை நிறுத்தினாள். இரண்டாவதை எழுதியவளே அவள்தான்.

சோதனையின் சட்டதிட்டமெல்லாம் டாக்டர் எவாந்த்ரோ வகுத்தது. ஆவிகளின் கடிதத்தை வாங்கித் தரும் செயு அர்லிந்தோவிடம் – அந்த ஊரில் மரியாதைக்கு ஆணைச் செயு என்றும் பெண்ணைத் தோனா என்றும் அழைப்பார்கள் – செத்தவரின் முதற்பெயரை மட்டும் சொல்வார்கள். அவர் இடக்கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு வலக்கையால் பென்சிலை ஓட்டுவார். அதே பெயரை நொயேமியாவிடமும் கொடுத்துப் பொய்யாக ஒன்று எழுதச் சொல்வார்கள். இரண்டையும் ஒரே மாதிரித் தட்டச்சு செய்து, எது எதுவென்று தெரியாத ஒருவர் தாய்க்கு அனுப்புவார். தன் பிள்ளையின் கடிதம் எதுவென்று தாய் சொல்ல வேண்டும். பிறகுதான் முத்திரை வைத்த உறையைப் பிரிப்பார்கள். நாற்பத்திரண்டு வயதில் நொயேமியா நம்பிக்கொண்டிருந்தது அந்த உறையை மட்டும்தான். பேயாவது, பிசாசாவது!

அர்லிந்தோவைப் போல ஒளி, சாந்தி, மலர்த்தோட்டம் என்று எழுதப் பார்த்து அவளுக்குக் குமட்டியது. அதனால் கில்மார் என்ற பெயருக்கு, வாய்க்கு வந்ததை எழுதித் தொலைத்தாள். உன் மேல இன்னும் கோவமாத்தான் இருக்கேம்மா. அலமாரிக்குப் பின்னாடி நான் ஆணியால கீறினத அழிச்சுடாத. அன்று பசி வேறு. அரை மணியில் முடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

டாக்டர் உறையைப் பிரித்தார். "தோனா, செயு அர்லிந்தோ எழுதினது மொதலாவது. ரெண்டாவது நாங்களா எழுதினது. இப்படி ஒண்ணு இருக்கும்னு முன்னாடியே சொல்லியிருந்தோமே."

"பக்கத்து வீட்டுக்காரியக் கூப்புட்டு அலமாரிய நகத்தினேன் டாக்டர். ஒரு படகு கீறி வச்சிருக்கான்."

"எல்லா வீட்டுப் பிள்ளைங்களும் எங்கயாவது கீறி வைக்கும் தோனா."

"இருக்கும்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல உள்ளதுல 'மன்னிச்சுட்டேன்'னு எழுதியிருந்துச்சு. அங்கயே தெரிஞ்சுபோச்சு, இது அவன் இல்லன்னு. அன்னிக்குக் காலைல, இனிமே இந்த வாசப்படி மிதிக்காதன்னு கத்தினேன். சாயங்காலம் பைக்கோட லாரிக்கு அடியில போயிட்டான். ஒரே வருசத்துல மன்னிக்கிற புள்ளையா அவன்? அந்த ரெண்டாவத யாரு எழுதினது?"

"அதச் சொல்ற வழக்கமில்ல," என்றார் டாக்டர்.

"நான்தான்," என்றாள் நொயேமியா. டாக்டர் அவளை எரித்துவிடுவதுபோலப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி வெளியே போனார். "இட்டுக்கட்டி எழுதினேன் தோனா. உங்க பையன எனக்குத் தெரியவே தெரியாது."

"தெரியாதுல்ல? அப்புறம் அவனுக்குக் கோவம்னு உனக்கு யாரு சொன்னா?"

நொயேமியா யோசித்தாள். முதலில் 'கோவமெல்லாம் இல்லம்மா' என்று எழுதியதும் அதை அடித்ததும் ஞாபகம் வந்தது. ஏன் அடித்தாள்? எவ்வளவு யோசித்தும் அது மட்டும் பிடிபடவில்லை.

தோனா சுல்மீரா மதிப்பெண் தாளைத் திருப்பி, எழுதாத பக்கத்தை அவள் முன் தள்ளினாள்.

"எத்தன நாளைக்குக் கோவம்னு மட்டும் அவன்கிட்ட கேளு. பத்து வருசம்னாலும் சரி. நான் இருப்பேன்."

"எனக்கு அதெல்லாம் கேக்க வராதும்மா."

"நீ எழுது."

பாவம், ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று நொயேமியாவுக்குத் தோன்றியது. 'மன்னிச்சுட்டேன்' என்று ஒரே ஒரு வார்த்தை. இவள் நம்பாவிட்டாலும் வீடு போய்ச் சேர்வாள். அந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டுதான் பேனாவைக் காகிதத்தில் வைத்தாள்.

கை அந்த வார்த்தையை எழுதவில்லை. ஒரு வரி போய், இரண்டாவது வரியும் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தப் பயந்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எதிரே தோனா சுல்மீரா எழுந்து, மேசை மேல் கவிழ்ந்து, தலைகீழாகவே படிக்கத் தொடங்கியிருந்தாள்.