ஐம்பத்தெட்டில் நின்ற தண்ணீர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சூடம் அணைத்துச் சத்தியம் செய்யலாம்தான். ஆனி மாத மழையில் மட்டாஞ்சேரியில் சூடம் பற்றிக்கொள்ளாது. அதனால் வெறும் வாயாலேயே சத்தியம். நம்பாதவர்கள் கொச்சங்காடிக்குப் போய்ச் சங்கிலிப்பாண்டியின் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் நீல மையில் இருக்கிறது.

கொச்சங்காடியில் பழைய மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. கடல் ஏறினால் அதுவும் ஏறும், கடல் இறங்கினால் அதுவும் இறங்கும். அதன் கரையில் வாய்க்கால் கமிட்டிக்காரர்களின் பம்ப் ஷெட். அங்கே இருபத்திரண்டு வருஷமாகச் சங்கிலிப்பாண்டிக்கு வேலை. தண்ணீருக்குள் நிற்கும் அளவுப் பலகையைக் காலை ஏழு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் பார்த்து, எத்தனை சென்டிமீட்டர் என்று எழுத வேண்டும். ஏறினால் இறைக்க வேண்டும். இத்தனை வருஷம் அந்தப் பலகையையே பார்த்துப் பார்த்து, பலகையில் இல்லாத எதையும் அவர் நம்புவதில்லை. மனைவி முனியாயி தலைவலி என்று படுத்தால்கூட, “எத்தனை?” என்றுதான் கேட்பார்.

அவருடைய ஒரே மகள் பிந்து. கப்பல் கட்டும் படிப்புக்கு என்ட்ரன்ஸ் எழுதியிருந்தாள். படகுத்துறையில் நின்று, தூரத்தில் போகும் சரக்குக் கப்பல் எத்தனை அடி முங்கியிருக்கிறது என்று பார்வையிலேயே சொல்லிவிடுகிற பெண். வேறு எதைப் படிக்கச் சொன்னாலும், “அதிலே கப்பல் இல்லையே” என்பாள்.

திங்கட்கிழமை அனீஷ் ஷெட்டுக்கு வந்தான். சுள்ளிக்கல்லில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருப்பவன். ஊர்ப் பிள்ளைகளின் தலையெழுத்தெல்லாம் அவன் போனுக்குத்தான் முதலில் வரும்.

“பாண்டியண்ணே, மினிமம் மார்க் வந்தாச்சு. அறுபத்திரண்டு.”

“பிந்துவுக்கு?”

“ஐம்பத்தெட்டு.” அனீஷ் போனை நீட்டினான். “அறுபத்திரண்டுக்குக் கீழே இருந்தா லிஸ்டிலேயே பேர் வராது. சீட்டு பாக்கி கிடந்தா அவங்களே கொஞ்சம் இறக்குவாங்க. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கடைசி லிஸ்ட். அதிலும் இல்லேன்னா அடுத்த வருஷம்தான்.”

சங்கிலிப்பாண்டி ரெஜிஸ்டரைத் திறந்தார். அன்று காலை ஏழு மணிக்கு அவர் கையால் எழுதியது அங்கே இருந்தது: அறுபத்திரண்டு. அனீஷின் போனைப் பார்த்தார். அதிலும் அதே அறுபத்திரண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரெஜிஸ்டரை மூடினார்.

“இது நம்ம தண்ணிதாண்டா! நாலு சென்டிமீட்டர்தானே? இறைச்சிரலாம்.”

“எந்தா?”

“நீ போய் போனைப் பாத்துக்கிட்டு இரு. நான் பலகையைப் பாத்துக்கிறேன்.”

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த முனியாயி வாசலிலேயே நின்றுவிட்டாள். “மகளுக்கு ஒரு வழி பண்ணுய்யான்னா வாய்க்காலை இறைக்கப் போறாராம். அந்தப் பலகைக்கே தாலி கட்டியிருக்கலாம்.”

சங்கிலிப்பாண்டி பேனாவை மூடி வைத்தார். ஷெட்டுக்குள் போய் ஸ்விட்சைப் போட்டார்.

“ஓடுதா?” என்றாள் முனியாயி.

“ஓடுது.”

“சத்தமே காணோமே?”

“நல்ல காரியத்துக்கு ஓடும்போது சத்தம் போடாது.”

உண்மைதான். அந்த நான்கு நாளும் அது ஒரு முனகல்கூடப் போடவில்லை. புதன்கிழமை மாலை பலகையில் அறுபது. அவர் அதை எழுதி மை காய்வதற்குள் அனீஷ் மழையில் ஓடிவந்தான். குடை பின்பக்கமாக மடங்கி ஒரு பெரிய பூப்போல அவன் தலைக்கு மேலே விரிந்திருந்தது.

“அண்ணே! அறுபதாக்கிட்டாங்க!”

சங்கிலிப்பாண்டி ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். அனீஷ் அதைப் படித்துவிட்டுத் திகைத்துப்போய் ஒரு சாயா சொன்னான். சாயா வந்ததும் குடிக்க மறந்தான்.

வியாழக்கிழமை மட்டாஞ்சேரி கண் விழித்தபோது வெளிச்சம் பால் நிறத்தில் இருந்தது. வாய்க்கால் காயலோடு சேர்ந்தது, காயல் கடலோடு சேர்ந்தது. ஒன்றை இறைத்தால் மூன்றும்தான் இறங்கும். துறையில் படகு அடைகாக்கும் கோழிபோலச் சேற்றில் உட்கார்ந்திருந்தது. உள்ளே இருந்தவர்கள் டிக்கெட் எடுத்துவிட்ட காரணத்தால் இறங்காமல் எர்ணாகுளம் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காயலின் அடித்தரை முழுதும் ஈர மிளகு வாசனை. கரிமீன்கள் குடும்பம் குடும்பமாகத் தெருவுக்கு வந்து, ஆட்டோ போகும்வரை ஓரத்தில் நின்று, பிறகு கடந்தன. யாரும் அவற்றைப் பிடிக்கவில்லை. அப்படி மரியாதையாக நடந்து போகிற மீனைப் பிடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. நடுக் காயலில் ஒரு சரக்குக் கப்பல், தூங்கும் குழந்தையைப் பாயில் கிடத்துவது போல மெல்லத் தரையில் அமர்ந்தது. அதன் கேப்டன் கயிற்று ஏணியில் இறங்கி நடந்தே வந்து, ரமேஷ்பாபுவின் கடையில் சர்க்கரை குறைவாக ஒரு சாயா குடித்துவிட்டுப் போனார்.

வாய்க்கால் பலகை மட்டும் அவசரப்படாமல் மத்தியானம்தான் ஐம்பத்தெட்டைக் காட்டியது. சங்கிலிப்பாண்டி ஸ்விட்சை அணைத்தார்.

நிற்கவில்லை. சத்தம் போடாமல் ஓடுகிறதை எப்படி நிறுத்துவது? ஐம்பத்தேழு. நாற்பது. பத்து. வெள்ளிக்கிழமை காலையில் அளவுப் பலகை காய்ந்த மண்ணில் தனியாக நின்றது. அடியில் பூஜ்யம்.

அனீஷின் போனிலும் பூஜ்யம். கொச்சங்காடியில் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிட்டது. பத்தாம் வகுப்பை மூன்று முறை எழுதி மூன்று முறையும் கோட்டைவிட்ட ரமேஷ்பாபுவுக்கு அட்மிஷன் கடிதம் வந்தது. அவன் கடை வாசலில் பழத்தோல் தின்னும் ஆட்டுக்கும் வந்தது. இரண்டு காதும் தெரிய வேண்டும் என்ற விதிப்படி ஒழுங்காக எடுத்த போட்டோவுடன்.

“சேட்டா, ஆட்டை ஹாஸ்டலில் விடுவாங்களா?” என்று ரமேஷ்பாபு கவலையாகக் கேட்டான்.

“அதை விடு. கடைசி வரியைப் படிச்சியா?” என்றான் அனீஷ். “தண்ணீர் இல்லாத ஊரில் கப்பல் படிப்பு எதற்கு, இன்று நாலு மணிக்குள் காயலில் தண்ணீர் வராவிட்டால் கோர்ஸை மூடுகிறோம்னு போட்டிருக்கு.”

சங்கிலிப்பாண்டி ஷெட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் தண்ணீரை வெளியே அனுப்பித்தான் பழக்கம். வா என்று அழைத்துப் பழக்கமில்லை. மகளுக்குக் குறைந்தது நாலு. அவர் ஊரையே இறைத்துவிட்டார். இப்போது அவளுக்கு மார்க் இருக்கிறது, ஏறிப் போகக் கப்பல் இல்லை.

பிந்து வந்தாள். திங்கட்கிழமையிலிருந்து யாரோடும் பேசாதவள், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக வாய்க்காலுக்குள் இறங்கிப் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“நாலு மார்க்தானேப்பா குறைஞ்சது? அதுக்குக் கடலையே குறைப்பாங்களா?”

“உனக்குத்தானேம்மா…”

“ஆட்டோட பக்கத்து பெஞ்சிலே இருந்து நான் படிக்க மாட்டேன் கேட்டோ. கடல் தண்ணி வர்ற ஷட்டரைத் திற. ஐம்பத்தெட்டு ஆகும்போ நான் சொல்றேன்.”

“மேலே ஏறுடி, தண்ணி வரப்போகுது!” என்று முனியாயி கத்தினாள்.

“என் மார்க்கு எவ்வளவு உயரம்னு நான்தாம்மா பாக்கணும்.”

சங்கிலிப்பாண்டி ஷட்டர்ச் சக்கரத்தைப் பிடித்தார். துருவேறிய சக்கரம், முனியாயியும் ஒரு பக்கம் பிடித்தாள். கால் சுற்று, அரைச் சுற்று. தூரத்தில் எங்கோ பட்டுத் துணியை இழுப்பது போல ஓர் ஓசை. பிறகு தண்ணீர் வந்தது. பாய்ந்து வரவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பிறர் வீட்டுக்குள் நுழையும் விருந்தாளி போல, இரு கரையையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தது. பிந்துவின் கணுக்காலில் ஏறியது. கெண்டைக்காலில் ஏறியது. முட்டியைச் சுற்றி வட்டம் போட்டது.

“ஐம்பது,” என்றாள் அவள்.

நடுக் காயலில் சரக்குக் கப்பல் புரண்டு படுத்து மெல்ல எழுந்தது. “எட்டடி முங்கியிருக்கு,” என்று அவள் அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னாள். கரிமீன்கள் தெருவிலிருந்து வரிசையாக வீடு திரும்பின.

“ஐம்பத்தஞ்சு.”

சங்கிலிப்பாண்டி சக்கரத்தை இன்னும் மெல்லத் திருப்பினார். ஒரு விரல்கடை கூடினாலும் அவள் வாசலுக்கு வெளியே. இன்னும் மூன்று. இன்னும் இரண்டு. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் பலகையைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மதி, போதும்!” என்றாள் பிந்து.

அவர் சக்கரத்தை இறுக்கி நிறுத்தினார். தண்ணீர் அப்படியே நின்றது. மழையும், ஏதோ சொல்ல வந்து மறந்தது போல, நின்றது. வாய்க்காலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அதன்மேல் வானம் முழுசாக விரிந்து கிடக்க, நடுவில் பிந்து ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் நின்றிருந்தாள்.

மணி நாலு. அனீஷ் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

“மினிமம்… ஐம்பத்தெட்டு. அண்ணே, லிஸ்டில் கடைசிப் பேர் பிந்து!”

ரமேஷ்பாபுவுக்கு வந்த கடிதத்தில் எழுத்தெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. ஆட்டுக்கு வந்ததை அது ஏற்கனவே தின்றிருந்தது.

முனியாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சாப்பிட்டுட்டு எழுதுய்யா, அந்தப் பொஸ்தகம் எங்கேயும் ஓடிப்போகாது,” என்றாள். சங்கிலிப்பாண்டி கேட்கவில்லை. ரெஜிஸ்டரைத் திறந்து, வெள்ளி மாலை நாலு மணி, ஐம்பத்தெட்டு என்று எழுதினார். பிந்து ஈரக் கையோடு வந்து அதன் பக்கத்தில் மலையாளத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஷெட்டில் இருந்த பம்ப்பின் மோட்டாரை மார்ச் மாதமே ரிப்பேருக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள். இன்னும் திரும்பி வரவில்லை.