இடது கையில் அப்பம்

என் கணவர் பிலிப் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவரை நினைத்தால் எனக்குக் கல்யாண போட்டோ ஞாபகம் வருவதில்லை. கடைகள் திறக்காத காலை நேரத்து எடிசன் மாலில், என் பக்கத்தில் நடந்துகொண்டே "கம்பும் இடதும்... வலது..." என்று பட்டாளத்துக்காரர் மாதிரி சொல்லிக்கொண்டு வருவாரே, அந்தக் குரல்தான் வருகிறது. அன்றைக்கு அந்தக் குரல்மேல் எவ்வளவு எரிந்து விழுந்தேன்! இப்போது ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருக்கிறது.

1997 நவம்பரில், அமெரிக்காவில் நாங்கள் இருந்த பிஸ்கட்டவேயில், எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் உறைந்து கிடந்த தண்ணீரில் வழுக்கி விழுந்து இடது இடுப்பெலும்பை முறித்துக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்து சில வாரங்கள் வாக்கர். பிறகு கைத்தடி. பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க டோனா என்றொரு வெள்ளைக்காரப் பெண் வீட்டுக்கு வருவாள். இடது கால்தான் பழுது, ஆனால் தடி வலது கையில் இருக்க வேண்டும் என்றாள். தடியும் இடது காலும் சேர்ந்து முன்னே போக வேண்டும், அப்போதுதான் பாரம் பிரியும். எக்காரணம் கொண்டும் கை மாற்றக் கூடாது. எனக்கு எல்லாம் புரிந்தது. நானும் பி.எஸ்ஸி. படித்தவள்தான்.

பொங்கலன்று பக்கத்து வீட்டு மரகதம் கதவைத் தட்டினாள். கையில் சர்க்கரைப் பொங்கல் டப்பா.

"லீலாக்கா, சூடா இருக்கு, பாத்து!"

நல்ல நாளும் அதுவுமாய் ஒருத்தி ஆசையாக நீட்டுவதை இடது கையால் வாங்க முடியுமா? சட்டென்று தடியை இடது கைக்கு மாற்றிவிட்டு வலது கையை நீட்டினேன். அடுத்த நிமிடம் நான் தரையில், பொங்கல் கார்ப்பெட்டில். நல்ல வேளையாக வெறும் வீக்கத்தோடு போயிற்று.

ஏன் கை மாற்றினாய் என்று டோனா மூன்று தடவை கேட்டாள். சொன்னேன். இரண்டும் உன் கைதானே என்று சிரித்தாள். இவளிடம் என்னத்தைச் சொல்ல? சின்ன வயதில் இடது கையால் பேனாவை நீட்டினால்கூட அம்மா புறங்கையில் ஒன்று வைப்பாள். பிலிப் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கும் அப்படித்தான் வரும்" என்றார்.

எனக்கு இருந்ததெல்லாம் ஒரே வைராக்கியம். ஈஸ்டருக்கு நானே நடந்துபோய்த் திருவிருந்து எடுக்க வேண்டும். எங்கள் தமிழ் சபை ஒரு அமெரிக்கன் சர்ச்சை வாடகைக்கு எடுத்து, மத்தியானம் மூன்று மணிக்கு ஆராதனை நடத்தும். பாஸ்டர் காலேப் இரண்டு படி மேலே நின்று அப்பம் கொடுப்பார். பிடித்துக்கொள்ள அங்கே கம்பி கிடையாது.

"ஆன்ட்டி, நீங்க சீட்லயே உக்காருங்க. நானே கொண்டுவந்து தரேன்," என்றார் பாஸ்டர்.

"வேணாம் பாஸ்டர். நான் வரேன்," என்றேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. உட்கார்ந்த இடத்துக்கு அப்பம் வந்துவிட்டால் இனி எழுந்திருக்கவே மாட்டேன் என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

வெளியே பனி என்பதால் மூன்று மாதம் மாலுக்குள்ளேயே நடந்தோம். படி ஏறவும் பழகினேன். ஆனால் அப்பத்தை எந்தக் கையில் வாங்குவது என்பதை நானும் பேசவில்லை, பிலிப்பும் பேசவில்லை. இடது உள்ளங்கைமேல் வலது கையை வைத்து ஏந்தித்தான் எங்களுக்குப் பழக்கம்.

ஈஸ்டர் வந்தது. பட்டுப் புடவையும் ஸ்னீக்கர்ஸுமாக வரிசையில் நின்றேன். நல்ல கால் முதலில், பிறகு தடியும் பழுதான காலும். இரண்டு படியும் ஏறிவிட்டேன். பாஸ்டர் அப்பத்தோடு நின்றார். என் வலது கை தடியை விடத் துடித்தது. விட்டால் விழுவேன், அதுவும் சபை மொத்தத்துக்கும் முன்னால். கண்ணை மூடிக்கொண்டு இடது கையை நீட்டினேன். பின்னால் யாரோ 'உச்' கொட்டினார்கள். வெட்கத்தில் உடம்பு கூசியது. அப்பம் உள்ளங்கையில் விழுந்தது.

கண்ணைத் திறந்தால், பக்கத்தில் பிலிப். கோட்டும் டையுமாக, வலது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இடது கையை மட்டும் நீட்டியபடி நிற்கிறார். பாஸ்டர் ஒரு கணம் தயங்கினார். பிறகு அந்தக் கையிலும் வைத்தார். முணுமுணுப்பு இன்னும் பலமாகக் கேட்டது.

காரில் ஏறியதும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு என்னங்க கேடு? ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு? சர்ச்சே உங்களைத்தான் பாத்துச்சு!"

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "ஆமா. உன்னை யாரும் பாக்கலைல்ல?"